இடது பக்க நாற்காலி

எங்கள் தெருவில் யாரும் என்னிடம் வேலை போய்விட்டதா என்று கேட்டதில்லை. "லீவுல வந்துகீறியாம்மா?" என்றுதான் கேட்பார்கள். முதல் மாதம் கேட்டார்கள், மூன்றாவது மாதமும் கேட்டார்கள். எட்டாவது மாதம் எதிர்வீட்டு அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "இன்னாம்மா, இவ்ளோ நாளு லீவு குடுக்கறாங்களே, நல்ல கம்பெனிதான் போல" என்றாள். கிண்டலாகச் சொன்னாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஆமாக்கா, நல்ல கம்பெனி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நல்ல கம்பெனிதான், இருந்தவரைக்கும். நான் அங்கே துணை விமானி. எழுபது பேர் உட்காரக்கூடிய, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி சுற்றும் விமானங்கள். திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டாவில் கிளம்பினால் விஜயவாடா, ஐதராபாத், பெங்களூர் என்று பக்கத்து ஊர்களுக்குத்தான் போவோம். ஜெட் ஓட்டுகிறவர்கள் எங்களை டவுன் பஸ் என்று கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகவே படாது. நான் பஸ் டிரைவரின் மகள்.

என் நைனா எங்கள் ஊரான புத்தூரில் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். திருப்பதி–சித்தூர் வழித்தடம்தான் அதிகம். திருப்பதி பஸ் நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே சீட் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு, பை, சில சமயம் செருப்புகூட உள்ளே வந்து விழும். அதில் தினமும் ஒரு சண்டை வரும். நைனா ஸ்டியரிங்கை விட்டு எழுந்து வந்து பஞ்சாயத்து செய்வார். துண்டு முதலில் யாருடையதோ சீட்டும் அவருடையது. ஆள் ஏறுகிறவரை வண்டி கிளம்பாது. இதற்காக டிப்போவில் ஒரு தடவை மெமோகூட வாங்கினார். வாங்கியதை வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

எங்கள் விமானத்தில் வந்தவர்களும் அதே ஜனங்கள்தான். தலைநிறைய முடியோடு இறங்கியவர்கள் இரண்டு நாள் கழித்து மொட்டையும் சந்தனமுமாகத் திரும்பி ஏறுவார்கள். குடும்பம் குடும்பமாக மொட்டை. யார் எந்தச் சீட்டு என்று பணிப்பெண்களுக்கே குழப்பம் வரும். எல்லோர் பையிலும் லட்டு இருக்கும். கதவைச் சாத்திய ஐந்தாவது நிமிஷம் நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமுமாக வாசனை காக்பிட் வரைக்கும் வந்துவிடும். அன்றைக்கு அது எனக்குப் பசியைக் கிளப்பும், அவ்வளவுதான். இன்றைக்கு யார் வீட்டிலாவது பிரசாத லட்டைப் பிட்டுக் கையில் கொடுத்தால் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

விமானத்தில் இடது பக்கம் கேப்டன் உட்காருவார், வலது பக்கம் நான். மேற்கே பார்த்துக் கிளம்பினால் ஏழுமலை என் பக்கத்து ஜன்னலில் வரும். மேலேறி, அதற்கான செக்லிஸ்ட்டைப் படித்து முடித்ததும் கேப்டன்கள் என் பக்கமாகச் சாய்ந்து மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார்கள். சாமி நம்பிக்கை இல்லை என்று பேசுகிறவர்களும் போடுவார்கள். வலது சீட்டுக்கு இருக்கும் ஒரே சலுகை அந்த மலைதான் என்று நைனாவிடம் சொல்வேன்.

எனக்கு வேண்டியிருந்தது இடது சீட்டு. ஆறு வருஷம் அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கைக்கு எட்டும் தூரம். ஒரு நாள் கேப்டன் பயிற்சிக்கான பட்டியல் வந்தது, அதில் என் பெயர் இருந்தது. அன்று மாலை ரேணிகுண்டாவில் இறங்கி நேராக வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பட்டியல் வந்த ஆறாவது வாரம் கம்பெனி விமானங்கள் நின்றன. முதலில் ஒரு விமானத்துக்கு எஞ்சின் சாமான் வரவில்லை என்று ஓரம் கட்டினார்கள். பிறகு அதிலிருந்து சாமானைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டார்கள். பிறகு எதிலிருந்தும் கழற்ற ஒன்றுமில்லை. ஒரு காலையில் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது, இன்றைய சேவைகள் ரத்து என்று செய்தி வந்தது. நான் இன்றைய என்ற சொல்லை நம்பினேன். சட்டையைக் கழற்றி மறுநாளுக்காக ஆணியில் மாட்டினேன்.

வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பெரிய கம்பெனிகளுக்கு ஜெட் ஓட்டியவர்கள்தான் வேண்டும். விசிறி விமானத்தில் நான் பறந்த மணி நேரத்தையெல்லாம் அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. சின்னக் கம்பெனிகளோ ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தன. என்னோடு பறந்தவர்களில் ஒருவர் வளைகுடாவுக்குப் போனார். ஒருவர் பெங்களூரில் மனை விற்கிறார். பங்காருபாளையத்துப் பையன் ஒருவன், என் அளவுக்கு நன்றாக ஓட்டுகிறவன், அப்பாவின் மாங்காய் மண்டிக்கே திரும்பிப் போய்விட்டான். சீசனில் போன் செய்து, "அக்கா, எங்கயாவது கூப்பிடறாங்களா?" என்று கேட்பான். பின்னால் ஏலம் கூவுகிற சத்தம் கேட்கும். இல்லை என்பேன். "சரிக்கா, தோத்தாபுரி ஒரு பெட்டி அனுப்பறேன்" என்று வைத்துவிடுவான். மாங்காய் வந்துவிடும். வேலைதான் வரவில்லை.

இதில் இன்னொரு சங்கடம், எங்கள் உரிமம் பர்சில் சும்மா வைத்துக்கொள்ளக்கூடியதில்லை. குறித்த தேதிக்குள் சிமுலேட்டரில், அதாவது காக்பிட்டைப் போலவே செய்து வைத்திருக்கும் யந்திரத்தில், ஏறி ஓட்டிக் காட்டித் தேர்வில் தேற வேண்டும். இல்லாவிட்டால் அந்த விமானத்தை ஓட்டும் தகுதி காலாவதியாகிவிடும். கம்பெனி இருந்தால் கம்பெனியே அனுப்பும். கம்பெனி இல்லாதவர்கள் யார் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டும். நைனாவுக்கு இது புரியவே இல்லை.

"ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு மறந்துபூடுமா? இன்னா கதை இது?"

"மறக்கும் நைனா. கை மறக்காது, ஆர்டர் மறந்துடும். எதுக்கு அப்புறம் எதுன்னு."

நைனா அதை டிப்போக் கணக்கில் போட்டுப் பார்த்தார். டிப்போவில் வண்டி கிடைக்காத டிரைவரை ஸ்பேர் என்பார்கள். காக்கி போட்டுக்கொண்டு காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது வராவிட்டால் கூப்பிடுவார்கள். "நீ ஸ்பேர்ல கீற, அவ்ளோதான். ஸ்பேர்ல இருக்கறவன் வூட்ல படுத்துக்கினு இருக்கக் கூடாது. ரெடியா இருக்கணும்" என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, "டூட்டிக்கு வா" என்றார்.

அப்படித்தான் எங்கள் கூடத்தில் காக்பிட் வந்தது. திருப்பதியில் தலைவர்களின் பிறந்தநாளுக்குப் பேனர் அடிக்கிற கடையில், காக்பிட் படத்தை நிஜ அளவில் அடிக்கச் சொன்னேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி மேடம், இதுல போட்டோ யாருது போடணும்?" என்று கேட்டார். யாருடையதும் வேண்டாம் என்றதும் அவர் முகம் சுண்டிவிட்டது. ஓரத்தில் ஒரு வாழ்த்தாவது போடலாமே என்று கெஞ்சினார். அந்தப் பேனரைச் சுவரில் மாட்டுவதற்காக டிவி படுக்கை அறைக்குப் போனது. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினால் டிவியைப் பற்றித்தான்.

பேனருக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இறக்கை மடலான ஃபிளாப், சக்கரமான கியர் என்று செக்லிஸ்ட்டில் உள்ளதை வரிசையாக ஒருவர் கேட்க, மற்றவர் கையை வைத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கேட்கிற வேலையை நைனா எடுத்துக்கொண்டார். ஊர்ப் பெயர்ப் பலகைகளில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் பழகியவர். இரண்டு வாரத்தில் சரளமாகிவிட்டார்.

"பிளாப்சு?"

"ஃபிஃப்டீன்."

"டிரிம்மு?"

"செட்."

அவர் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாளே நேராகப் போய் அங்கேதான் உட்கார்ந்தார். முப்பது வருஷம் பஸ்ஸின் வலது பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வேறு எங்கே உட்காரத் தோன்றும்? அதுவுமில்லாமல் ஜன்னல் காற்றும் எதிரே வரும் லாரிகளின் ஹார்னும் சேர்ந்து அவருடைய வலது காதை வாங்கிவிட்டிருந்தன. இடது காதுதான் கேட்கும். அவர் வலது பக்கம் இருந்தால்தான் என் பதில் அவர் காதில் விழும். ஆகவே நான் இடது பக்கம் உட்கார்ந்தேன்.

இது தப்பு என்று எனக்குத் தெரியும். துணை விமானிக்கு வலது இடம். இடது பக்கம் உட்கார்ந்தால் கைகள் மாறிவிடும். வலது கை நடுவில் இருக்கும் பவர் லீவரில், இடது கை ஸ்டியரிங் மாதிரியான கன்ட்ரோலில். வலது பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். நாற்காலியை மாற்றிப் போடுங்கள் நைனா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் அவருடைய காது இல்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பேனரில் கேப்டனுக்கு முன்னால் இருக்கும் கருவிகள் என் முகத்துக்கு நேராக இருந்தன. தினமும் காலை எட்டிலிருந்து பத்துவரை நான் கேப்டனாக இருந்தேன். ஆறு வருஷம் ஏங்கியதை எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அனுபவித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினோரு மணி வாக்கில் வேறொரு கம்பெனியின் விசிறி விமானம் புத்தூருக்கு மேலே ரேணிகுண்டாவைப் பார்த்து இறங்கும். ஜெட் சத்தம் வேறு, இது வேறு. நைனா இடது காதை வானத்துக்குத் திருப்பி, "உன் வண்டி போவுது பாரு" என்பார். நான் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். சக்கரத்தை இறக்குகிற இடம் எனக்குத் தெரியும். அது இறங்கும்போது என் கை தானாக அசையும். துணி காயப்போட வந்த அம்மா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுக் கீழே போனாள். அன்றைக்குப் பிறகு டிவியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஒன்பதாவது மாதம் அழைப்பு வந்தது. புதிதாக ஒரு சின்னக் கம்பெனி, அதே வகை விமானம், சில துணை விமானிகள் வேண்டும், ஐதராபாத்தில் சிமுலேட்டர் தேர்வு. ரேணிகுண்டாவில் ரயில் ஏறினேன். விமானம் ஓட்டப் போகிறவள் ரயிலில் போகிறாள் என்று எனக்கே சிரிப்பு வந்தது. நைனா பிளாட்பாரத்தில் நின்று, "முடிஞ்சதும் போன் பண்ணு. கம்முனு இருக்காத" என்றார்.

அங்கே போனால் என்னைப் போல் வந்தவர்கள் வராந்தா முழுக்க இருந்தார்கள். எல்லோரும் பழைய கம்பெனிச் சீருடையிலிருந்து தோள் பட்டையை எடுத்துவிட்டு வெறும் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தோம். சிரித்துக்கொண்டோம். என் முறை வந்தது. உள்ளே போனேன். சிமுலேட்டர் கதவு திறந்ததும் அந்த வாசனை, அந்தச் சின்னச் சின்ன விளக்குகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து நுழைந்து உட்கார்ந்து, வார்பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து தேர்வு நடத்தும் கேப்டனின் குரல் வந்தது. தெலுங்குக்காரர், வயதானவர். "தாயே, அது என் இடம்" என்று தெலுங்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவமானத்தில் காது சூடாகிவிட்டது. பெல்ட்டைக் கழற்றி எழுந்து வலது பக்கம் போனேன். அவர் நல்ல மனிதர், அதைப் பெரிதாக்கவில்லை. அவசரம் போல என்று மட்டும் சொன்னார்.

சீட்டை மாற்றிக்கொண்டேன். கையை மாற்ற முடியவில்லை. விமானம் தரையை விட்டு எழும்பிய நொடியில் கேப்டன் ஒரு எஞ்சினை நிறுத்தினார். தேர்வில் அதுதான் முக்கியம். விமானத்தை நேராகப் பிடிக்கும் பெடலைக் கால் சரியாகத்தான் அழுத்தியது. வலது கை மட்டும் கன்ட்ரோலை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் கூடத்தில் பழகியபடி பவர் லீவரைத் தேடி வலது பக்கம் போனது. அங்கே லீவர் இல்லை. ஜன்னல் ஓரத்துச் சுவர்தான் இருந்தது. இரண்டு நொடி அந்தச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குள் இறக்கை சாய்ந்துவிட்டது. நிமிர்த்திவிட்டேன். ஆனால் இரண்டு நொடி போனது போனதுதான்.

முடிந்து வெளியே வந்ததும் அந்தக் கேப்டன் எனக்கும் சேர்த்துக் காபி வாங்கினார். எங்கே பயிற்சி செய்தாய் என்று கேட்டார். வீட்டில் என்றேன். யாரோடு என்றார். அப்பாவோடு என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்தத் தடவை தேர்ச்சி போட முடியாது என்றார். மூன்று மாதம் கழித்து இன்னொரு குழுவைக் கூப்பிடுவார்கள், உன் பெயரை அதில் எழுதுகிறேன் என்றார். என் தகுதி காலாவதியாவதற்கு அதற்கப்புறம் பத்து நாள்தான் மிச்சம் இருக்கும். அதில் தவறினால் இந்தத் தொழிலில் எனக்கு எந்தப் பக்கமும் சீட்டு கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். காபியைக் குடித்து முடித்தோம்.

நான் போன் செய்யவில்லை. மறுநாள் காலை ரேணிகுண்டாவில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். நைனா கூடத்தில் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார். அவருக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு மாறி உட்கார்ந்ததைச் சொன்னேன். கை சுவரைத் தடவியதைச் சொன்னேன். முதல் நாளே எனக்குத் தெரியும், ஆசையில் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது.

அவர் பேனரின் பக்கம் திரும்பினார்.

"மலை உன் பக்கம்தான் வரும்னு சொன்னியே. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்" என்றார். "நான் ஒரு மடையன். பஸ்ஸு ஞாபகத்துல ஒக்காந்துட்டேன்."

"உங்க மேல தப்பு இல்ல நைனா."

"அழுதது போதும். மூஞ்சி கழுவிக்கினு வா. டூட்டி கீது."

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் இடது நாற்காலிக்கு மாறியிருந்தார். நான் வலது நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது அவருடைய கேட்காத காது என் பக்கம் இருந்தது.

"பிளாப்சு?"

"ஃபிஃப்டீன்."

"ஆங்?"

"ஃபிஃப்டீன்!"

"கேக்கல. சத்தமா சொல்லு."

கத்தினேன். டிரிம்முக்குக் கத்தினேன். கியருக்குக் கத்தினேன். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள், நான் நிறுத்தவில்லை. தொண்டை வறண்டது. இடது கை லீவரில், வலது கை கன்ட்ரோலில். பத்துத் தடவை தப்பாகப் போனது, பத்துத் தடவையும் அவர் முதலிலிருந்து கேட்டார். பதினோராவது தடவை சரியாக வந்தது. கடைசி வரியைப் படித்து முடித்ததும் அவர் என் பக்கமாகச் சாய்ந்து, மலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்த சமையலறைக் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

சாப்பிடக் கூப்பிட்டாள் அம்மா. நைனா எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நான் வலது பக்கமே உட்கார்ந்திருந்தேன். அம்மா கையில் தண்ணீர்ச் சொம்போடு வந்து, கால் வலிக்கிறது என்று அந்த இடது நாற்காலியில் உட்காரப் போனாள்.

உள்ளேயிருந்து நைனாவின் குரல் வந்தது.

"அதுல ஒக்காராத. துண்டு போட்டுகீறேன் பாரு. ஆளு வருது."